99 பர்சன்டைல் வந்தாச்சு, அடுத்து என்ன? நாலு வழிய பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்

என் பொண்ணு மூணாவது படிக்கும்போது அவளோட முதல் அச்சீவ்மென்ட் டெஸ்ட், அதாவது பாடத்துல எவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கான்னு பார்க்கற டெஸ்ட், அதோட ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. கணக்குல 99 பர்சன்டைல், ரீடிங்ல 99, ரைட்டிங்ல 91, அப்புறம் கணக்குக்குப் பக்கத்துல கிரேடு ஈக்விவலன்ட்னு போட்டு 7.2. அன்னிக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் வேற எதையும் பார்க்கல, அந்த 7.2வ மட்டும் தான் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருந்தோம், ஏழாவது கணக்கு போடத் தெரிஞ்ச பிள்ளைய மூணாவதுல உட்கார வெச்சிருக்கோமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் ரெண்டு மூணு கிளாஸ் மேல தூக்கிப் போடச் சொல்லணும்னு பேசிக்கிட்டோம். நல்ல வேளை போகல. அந்தப் பக்கத்துல இருந்த அத்தன நம்பர்லயும் கம்மியா நம்ப வேண்டியது அந்த 7.2 தான்னு எனக்குப் புரியவே பல மாசம் ஆச்சு.

இப்ப உங்க கைல அதே மாதிரி ஒரு ரிப்போர்ட் இருக்குன்னா முன்னாடி நாலு வழி இருக்கு. ஒண்ணு, இது போதும்னு வெச்சுட்டு இருக்கற கிளாஸ்லயே கூடுதல் வேலை கொடுக்கச் சொல்றது. ரெண்டு, மேல் கிளாஸ் பிள்ளைங்க எழுதற டெஸ்ட்ட இவங்களுக்கு வெச்சுப் பார்க்கறது. மூணு, பதிலுக்குத் தகுந்தபடி கேள்வி மாறற கம்ப்யூட்டர் டெஸ்ட். நாலு, சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து தனியா எடுக்கற டெஸ்ட். இதுல எது ஒசத்தின்னு கேட்டா பதில் கிடையாது, உங்க கேள்வி என்னன்னு தெரிஞ்சா தான் பதில் வரும், ஆனா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ரெண்டாவது வழி தான் சரியான அடுத்த படின்னு நான் நம்பறேன், ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி அந்த நம்பர்கள கொஞ்சம் பார்த்துடுவோம், இது புரியாம வழிய மட்டும் ஒப்பிட்டு பிரயோஜனம் இல்ல.

கிரேடு ஈக்விவலன்ட் 7.2ன்னா உங்க பிள்ளைக்கு ஏழாவது கணக்கு தெரியும்னு அர்த்தம் இல்லவே இல்ல. ஏழாவது ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆன ஒரு சராசரி பிள்ளை, உங்க பிள்ளை எழுதின அதே மூணாவது பேப்பர எழுதினா எத்தன சரியா போடும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, உங்க பிள்ளையும் அத்தன சரியா போட்டிருக்கு, அவ்ளோ தான். அந்தப் பேப்பர்ல அல்ஜிப்ராவே கிடையாது, நெகட்டிவ் நம்பரே கிடையாது, அப்புறம் எப்படி அது ஏழாவது கணக்கப் பத்தி பேசும்? அதுலயும் பல நேரம் ஏழாவது பிள்ளைங்களுக்கு நிஜமாவே அந்தப் பேப்பர கொடுத்துப் பார்த்திருக்க மாட்டாங்க, பக்கத்து கிளாஸ் பிள்ளைங்க வாங்கின மார்க்க வெச்சு கோட்ட நீட்டிப் போட்டு எடுக்கற நம்பர் அது. பேப்பரோட உச்சிக்குப் பக்கத்துல ஒரே ஒரு கேள்வி கூடுதலா சரியா போட்டா கிரேடு ஈக்விவலன்ட் ஒரு வருஷமே கூட எகிறலாம். ஸ்கூல் மீட்டிங்ல இந்த நம்பர முதல்ல எடுத்து வைக்காதீங்க, விஷயம் தெரிஞ்ச டீச்சர் அந்த இடத்துலயே உங்க பேச்ச நம்பறத நிறுத்திடுவாங்க, அப்புறம் நீங்க சொல்ற நியாயமான விஷயமும் எடுபடாது.

பர்சன்டைல் அத விட நேர்மையான நம்பர். 99ன்னா அதே வயசு இல்ல அதே கிளாஸ் பிள்ளைங்க 100 பேர்ல 99 பேர விட மேல. இத நூத்துக்கு 99 மார்க்னு நினைச்சுக்கறவங்க இன்னமும் நிறைய பேர் இருக்காங்க, மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சிக்கல் வேற ஒரு எடத்துல இருக்கு. பர்சன்டைல் நடுவுல இழுத்து விரிச்சும் ஓரத்துல ரொம்ப இறுக்கமாவும் இருக்கற ஒரு அளவு. ஸ்டாண்டர்ட் ஸ்கோர்னு இன்னொரு நம்பர் இருக்கும் பாருங்க, சராசரி 100, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரில இருந்து ஸ்கோர் எவ்ளோ சிதறி நிக்குதுங்கற அளவு) 15ன்னு வெச்சது, அதுல 100ல இருந்து 103க்கு மூணே பாயின்ட் ஏறினா பர்சன்டைல் 50ல இருந்து 58க்கு போயிடும். ஆனா மேல 135ல இருந்து 160 வரைக்கும் 25 பாயின்ட் ஏறினாலும் 99, 99, 99 தான். 130 எடுக்கற பிள்ளை சுமார் 44 பேர்ல ஒண்ணு, 135ன்னா 100 பேர்ல ஒண்ணு, 145ன்னா 740 பேர்ல ஒண்ணு, 160ன்னா 31,000 பேர்ல ஒண்ணு. கடைசி மூணு பேருக்கும் ரிப்போர்ட்ல 99ன்னே தான் அச்சடிச்சு வரும். இவங்க மூணு பேருக்கும் ஒரே மாதிரி ஏற்பாடு போதுமான்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டேனைன்னு 1ல இருந்து 9 வரைக்கும் போடறது இன்னும் மொட்டையானது, மேல இருக்கற 4 சதவீதம் பேரும் 9க்குள்ள வந்துடுவாங்க, நம்ம பிள்ளைங்க விஷயத்துல அத கண்டுக்கவே வேண்டாம்.

அதனால ரிப்போர்ட்ல ஸ்டாண்டர்ட் ஸ்கோர் இல்லேன்னா கேட்டு வாங்குங்க. அதோட ஸ்கோர் எந்த ரேஞ்சுக்குள்ள இருக்கும்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்னு, அதையும் பாருங்க. ரிலயபிலிட்டி, அதாவது மறுபடி எழுதினாலும் அதே ஸ்கோர் வருமாங்கற நம்பகம், 1க்கு 0.95ன்னு இருக்கற நல்ல டெஸ்ட்லயே ஒரு ஸ்கோர் மேல கீழ 6, 7 பாயின்ட் ஆடும். 132ன்னு வந்தா கிட்டத்தட்ட 125க்கும் 138க்கும் நடுவுல எங்கயோன்னு தான் எடுத்துக்கணும். ரீடிங் 132, கணக்கு 127, அப்ப என் பிள்ளைக்கு கணக்கு வீக்கான்னு கேக்கறாங்க, அந்த அஞ்சு பாயின்ட் வித்தியாசம் வெறும் ஆட்டம், அடுத்த வாரம் எழுதினா தலைகீழா வரலாம். என் பொண்ணோட 91 பர்சன்டைல் ரைட்டிங்க பார்த்து நான் கவலைப்பட்டேன், அது ஸ்டாண்டர்ட் ஸ்கோர்ல 120, சராசரிய விட எவ்ளோ மேலன்னு தெரிஞ்சதும் தான் மூச்சு வந்துச்சு. எட்டு வயசுல தலைக்குள்ள ஓடற வேகத்துக்கு கை எழுதாது, பல பிள்ளைங்களுக்கு இப்படித்தான் வரும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒண்ணும் பண்ணாம இருக்கற வழி

இத ஒரு வழியாவே யாரும் எண்ணறதில்ல, ஆனா சில வீட்டுக்கு இது தான் சரி. பிள்ளை சந்தோஷமா ஸ்கூல் போகுது, டீச்சர் புரிஞ்சுக்கிட்டு தனியா கணக்கு கொடுக்கறாங்க, வீட்டுக்கு வந்தா புஸ்தகத்துல மூழ்கிடுது, நீங்களும் கிளாஸ் மாத்தற எண்ணத்துல இல்லேன்னா இன்னொரு டெஸ்ட் எதுக்கு? பதில் வந்தா எந்த முடிவும் மாறாதுன்னா அந்தக் கேள்விய கேக்காம இருக்கறது தப்பில்ல, பிள்ளைய சும்மா சும்மா டெஸ்ட்டுக்கு உட்கார வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா இந்த வழில போறவங்க ஒண்ண தெரிஞ்சுக்கணும், வருஷா வருஷம் அதே கிளாஸ் லெவல் டெஸ்ட் ஸ்கோர வெச்சு பிள்ளை வளருதா தேயுதான்னு பார்க்க முடியாது. படில மொண்டா ஒரு படி தான் வரும், கிணத்துல எவ்ளோ தண்ணின்னு படிக்குத் தெரியாது. பேப்பரோட உச்சில நிக்கற பிள்ளைக்கு அதுக்கு மேல ஏற இடமே இல்ல, ஒரு கவனக்குறைவு, ஒரு கேள்விய விட்டுட்டாங்கன்னா 99ல இருந்து 95, 94ன்னு இறங்கிடும், ரிப்போர்ட்ல இந்த வருஷம் வளர்ச்சி குறைவுன்னு வேற வரும். ரொம்ப ஒசந்த ஸ்கோர் எதுவா இருந்தாலும் அடுத்த தடவ கொஞ்சம் சராசரி பக்கமா சாயறது இயல்பு தான், முதல் தடவ அன்னிக்கு எல்லாமே கூடி வந்திருக்கும். அந்த 94க்காக பிள்ளைய திட்டின ஒரு அப்பாவ எனக்குத் தெரியும், அந்தப் பையன் அதுக்கப்புறம் டெஸ்ட்னாலே வயிறு வலிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

மேல் கிளாஸ் டெஸ்ட்ட வெச்சுப் பார்க்கறது

அபவ் லெவல் டெஸ்டிங்னு சொல்லுவாங்க. மூணாவது பிள்ளைக்கு அஞ்சாவது இல்ல ஆறாவது பேப்பர கொடுத்து, அந்த கிளாஸ் பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பார்க்கறது. இந்த யோசனைய பெரிய அளவுல பரப்பினவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில இருந்த ஜூலியன் ஸ்டான்லி. 1960களோட கடைசில ஒரு பதிமூணு வயசு பையன் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் கோர்ஸ்ல பெரிய பசங்கள எல்லாம் மிஞ்சி நிக்கறான்னு அவர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க, அவர் அந்தப் பையனுக்கு காலேஜ்ல சேரறவங்க எழுதற எஸ்ஏடி மாதிரி டெஸ்ட்ட எல்லாம் கொடுத்துப் பார்த்தார், பையன் அதுலயும் அசத்திட்டான். அதுக்கப்புறம் 1971ல கணக்குல முன்கூட்டியே வளர்ந்த பிள்ளைங்களப் பத்தின ஒரு பெரிய ஆராய்ச்சிய ஆரம்பிச்சு, 1972ல இந்த மாதிரி பிள்ளைங்கள டெஸ்ட் வெச்சு தேடிக் கண்டுபிடிக்கற முதல் டேலன்ட் சர்ச் நடத்தினார். அந்த ஆராய்ச்சி இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு, பின்னாடி கமில்லா பென்போவும் டேவிட் லுபின்ஸ்கியும் வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில இருந்து அத தொடர்ந்தாங்க.

அதுல தெரிஞ்ச முக்கியமான விஷயம் என்னன்னா, கிளாஸ் லெவல் டெஸ்ட்ல எல்லாரும் 97, 98, 99ன்னு ஒரே குவியலா நிக்கற பிள்ளைங்கள மேல் லெவல் டெஸ்ட்ல உட்கார வெச்சா அவங்க கீழ இருந்து மேல வரைக்கும் அழகா விரிஞ்சு போறாங்க, சிலர் குருட்டாம்போக்குல டிக் அடிச்சா வர்ற மார்க்குக்கு கொஞ்சம் மேல, பல பேர் நடுவுல, ஒரு சிலர் உச்சில. 13 வயசுக்கு முன்னாடி எஸ்ஏடி கணக்குல 700 எடுத்த பிள்ளைங்க அப்போ பத்தாயிரத்துல ஒருத்தர்னு கணக்கு போட்டாங்க, அந்தப் பிள்ளையும் பக்கத்து சீட் பிள்ளையும் ஸ்கூல் ரிப்போர்ட்ல ஒரே 99 தான். இப்ப இதுக்காகவே டெஸ்ட் இருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல சின்ன பிள்ளைங்களுக்கு ஸ்காட்னு ஒண்ணு வைக்கறாங்க, அயோவா யுனிவர்சிட்டியோட பெலின் பிளாங்க் சென்டர்ல நாலாவதுல இருந்து ஆறாவது படிக்கற பிள்ளைங்களுக்கு எட்டாவது லெவல்ல ஐ எக்ஸெல்னு ஒண்ணு. இது எதுவும் கைக்கெட்டலன்னா ஸ்கூல்லயே மேல் கிளாஸ் பேப்பர கேட்டு வாங்கி வைக்கச் சொல்லலாம். யாருக்கு வைக்கலாம்னா கிளாஸ் லெவல்ல 95 பர்சன்டைலுக்கு மேல இருந்தா போதும்னு தான் பொதுவா எடுத்துக்கறாங்க.

இதோட நல்லது என்னன்னா நேரா முடிவுக்கு உதவும். ஆறாவது பிள்ளைங்க நடுவுல உன் இடம் எங்கன்னு சொல்லுது, அதுக்குத் தானே நாம தவிக்கறோம். என் பொண்ணுக்கு நாலாவது ஆரம்பத்துல ஆறாவது லெவல் வெச்சோம், கணக்குல 62 பர்சன்டைல் வந்துச்சு, ரீடிங்ல 84. வீட்டுல பாட்டி கேட்டாங்க, என்னடி 99 எடுத்தவ 62க்கு இறங்கிட்டான்னு. இறங்கல அத்தை, தன்ன விட ரெண்டு வயசு பெரிய பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல தாண்டி நிக்கறா, அதுவும் அந்தப் பாடத்த யாரும் சொல்லிக் கொடுக்காமயேன்னு நான் விளக்கிச் சொன்னதுக்கப்புறம் அவங்க அந்தப் பேப்பர வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

கெட்டதும் இருக்கு. முதல் தடவையா தெரியாத கேள்வி வர்ற டெஸ்ட்ல உட்காரற பிள்ளை உடைஞ்சு போகலாம், அதனால முன்னாடியே சொல்லி வெக்கணும், இது பெரிய பிள்ளைங்க பேப்பர், பாதி தெரியாம இருக்கறது தான் சரி, தெரியாதத விட்டுட்டு அடுத்ததுக்குப் போன்னு. அப்புறம் எந்த மாசத்து நார்ம் (ஒப்பிடறதுக்காக வெச்சிருக்கற பிள்ளைங்களோட மார்க் அட்டவணை) வெச்சு ஒப்பிட்டாங்கன்னு கேளுங்க, கிளாஸ் ஆரம்பத்துல இருக்கற ஆறாவது பிள்ளைங்களோடயா, வருஷக் கடைசில இருக்கறவங்களோடயான்னு, ஒரே மார்க்குக்கு பர்சன்டைல் நல்லாவே மாறும். இத கேக்காம முடிவெடுக்காதீங்க.

கேள்வி மாறற கம்ப்யூட்டர் டெஸ்ட்

சரியா போட்டா அடுத்தது கஷ்டமா வரும், தப்பா போட்டா கொஞ்சம் லேசா வரும், அந்த மாதிரி டெஸ்ட். மேப் குரோத்துங்கறது இதுல நிறைய ஸ்கூல்ல இருக்கறது, ஸ்கோர் ரிட்னு ஒரு அளவுல வரும். அந்த அளவுக்கு கிளாஸ் கிடையாது, எல்லா கிளாஸுக்கும் ஒரே ஏணி, மூணாவது பிள்ளை 220ன்னா ஏழாவது பிள்ளையோட 220யும் அதே படி தான், அதனால வருஷத்துக்கு வருஷம் எவ்ளோ ஏறியிருக்குன்னு பார்க்க இத விட லேசான வழி இல்ல. உங்க ஸ்கூல்ல ஏற்கனவே இது இருக்குன்னா தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம், அந்த ஸ்கோர மேல் கிளாஸ் நார்ம் டேபிள்ல வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டாவது வழில பாதி தூரம் சும்மாவே வந்துட்டீங்க.

ஆனா எனக்கு இதுல ரெண்டு தயக்கம். இந்த டெஸ்ட்லயும் 2ல இருந்து 5வது வரைக்கும் ஒரு வெர்ஷன், 6க்கு மேல வேற வெர்ஷன்னு பிரிச்சிருக்காங்க, சின்ன வெர்ஷன்லயே நிக்கற பிள்ளைக்கு மேல இருக்கற பாடம் போதுமான அளவு வராது, அதுலயும் ஒரு கூரை இருக்கத்தான் செய்யுது. இன்னொண்ணு, நல்லா படிக்கற பிள்ளையோ சுமாரா படிக்கற பிள்ளையோ யாரா இருந்தாலும் இதுல கிட்டத்தட்ட பாதி கேள்வி தப்பா தான் போகும், டெஸ்ட்ட செஞ்சதே அப்படித்தான். எல்லாம் சரியா போட்டே பழகின பிள்ளைக்கு இது ஒரு மாதிரி பயமா இருக்கும், நடுவுல சலிச்சுப்போய் சும்மா தட்டி விட்டுட்டா ஸ்கோர் மொத்தமா சரிஞ்சிடும். எவ்ளோ நேரத்துல முடிச்சாங்கன்னும் ரிப்போர்ட்ல இருக்கும், ஸ்கோர் திடீர்னு கீழ வந்தா முதல்ல அத பாருங்க.

சைக்காலஜிஸ்ட் தனியா எடுக்கறது

வெக்ஸ்லர் அச்சீவ்மென்ட் டெஸ்ட், உட்காக் ஜான்சன், காஃப்மன், இந்த மூணுல ஒண்ணா தான் பெரும்பாலும் இருக்கும். காசும் நேரமும் அதிகம், எல்லாருக்கும் தேவையும் இல்ல. ஆனா பிள்ளைகிட்ட ஏதோ ஒண்ணு ஒத்துப்போகல, வாயால கேட்டா எல்லாம் சொல்லுது எழுதச் சொன்னா ஒரு வரி தான் வருது, பெரிய புஸ்தகம் படிக்குது ஆனா ஸ்பெல்லிங் வரவே மாட்டேங்குது, கணக்கு யோசனை எல்லாம் பிரமாதம் ஆனா வாய்ப்பாடு நிக்க மாட்டேங்குது, இப்படி இருந்தா வேற எந்த வழிக்கும் போகாதீங்க, நேரா இங்க வாங்க. மத்த மூணு வழியும் எவ்ளோன்னு தான் சொல்லும், ஏன்னு சொல்லாது. இங்க ஒரு ஆள் எதிர்ல உட்கார்ந்து பிள்ளை எப்படி பென்சில் பிடிக்குது, எந்த இடத்துல தயங்குது, தப்பு பண்ணிட்டு தானே திருத்துதான்னு எல்லாம் பார்க்கறாங்க.

இந்த டெஸ்ட் எல்லாம் சின்ன பிள்ளைல இருந்து பெரியவங்க வரைக்கும் ஒரே கேள்வி வரிசை, தொடர்ந்து சில தப்பு வர்ற வரைக்கும் கேள்வி போய்ட்டே இருக்கும், அதனால கிளாஸ் கூரை கிடையாது. வெக்ஸ்லர்ல ஸ்டாண்டர்ட் ஸ்கோர் 160 வரைக்கும் போகும். அதே காரணத்தால ஒவ்வொரு கிளாஸுக்கும் ரெண்டு மூணு கேள்வி தான் விழும், அதனால எந்தப் பாடத்துல ஓட்டை இருக்குன்னு இத வெச்சு கண்டுபிடிக்க முடியாது.

இந்த ரிப்போர்ட்ல அம்மா அப்பா தடுக்கி விழற இடம் ரெண்டு. முதல் இடம் மொத்த ஸ்கோர். உட்காக் ஜான்சன் நாலாவது எடிஷன்ல பிராட் மேத்னு ஒண்ணு வரும், அதுக்குள்ள கணக்கு யோசனை, கணக்கு செய்யறது, அப்புறம் மூணு நிமிஷத்துல எத்தன கூட்டல் கழித்தல் பெருக்கல் போடறேங்கற வேகம், மூணும் சேர்ந்திருக்கு. யோசிச்சு யோசிச்சு போடற பிள்ளைக்கு, எழுத்த அழகா எழுதணும்னு நினைக்கற பிள்ளைக்கு, அந்த மூணாவது மொத்தத்தையும் கீழ இழுத்துடும். யோசனைல 148, வேகத்துல 104ன்னு ஒரு பிள்ளை இருந்தா மொத்தத்துல வர்ற நம்பர் அந்தப் பிள்ளையோட கணக்கப் பத்தி ஒண்ணுமே சொல்லல, ரெண்டு வேற வேற விஷயத்த கலக்கின நம்பர் அது. உள்ள இருக்கற சப்டெஸ்ட் ஒவ்வொண்ணையும் கேட்டு வாங்கிப் பாருங்க, டைம் வெச்சது எது டைம் இல்லாதது எதுன்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் ஏஜ் நார்ம் (அதே வயசு பிள்ளைங்களோட) வெச்சு போட்டாங்களா கிரேடு நார்ம் (அதே கிளாஸ் பிள்ளைங்களோட) வெச்சு போட்டாங்களான்னும் கேளுங்க, ஏற்கனவே ஒரு கிளாஸ் தாண்டின பிள்ளைன்னா ரெண்டும் நல்லாவே வித்தியாசப்படும்.

ரெண்டாவது இடம் ஐக்யூவோட ஒப்பிடறது. ஐக்யூ 140, ஆனா ரீடிங் 125 தான், அப்ப என் பிள்ளை தன் திறமைக்குக் கீழ இருக்கா, டீச்சர் சரியா சொல்லிக்கொடுக்கலையான்னு உடனே கேள்வி வரும். ரெண்டு டெஸ்ட்டும் ஒண்ணுக்கொண்ணு முழுசா ஒட்டி நகராது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தொடர்ப (முழுசா ஒட்டி நகர்ந்தா 1) 0.6னு வெச்சுக்கோங்க, 140 ஐக்யூ இருக்கற பிள்ளைங்களோட அச்சீவ்மென்ட் சராசரி 124 தான் வரும், 100க்கு மேல இருக்கற 40ஐ 0.6ஆல பெருக்கிப் பாருங்க. அதனால 125 எதிர்பார்த்த இடத்துலயே இருக்கு. அதுவே 140 ஐக்யூ, ரீடிங் 98ன்னா அது வேற கதை, கிளாஸ்ல சராசரின்னு யாரும் கண்டுக்க மாட்டாங்க, புத்திசாலித்தனத்த வெச்சு குறைய மறைச்சுட்டு வர்ற பிள்ளை அது, டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்த படிக்கறதுல வர்ற சிரமம், இருக்கான்னு கண்டிப்பா பார்க்கச் சொல்லணும். இந்த மாதிரி பிள்ளைங்க தான் கடைசி வரைக்கும் யார் கண்ணுலயும் படாம போறாங்க, எனக்கு இது ரொம்ப வேதனையான விஷயம், கிஃப்டட்னும் பேர் கிடைக்காது, உதவியும் கிடைக்காது, சோம்பேறின்னு ஒரு பேர் மட்டும் கிடைக்கும்.

அப்ப எத எடுக்கறது

பிள்ளையோட ஸ்கோர் எல்லாம் ஒசரமா ஒரே சீரா இருக்கு, கிளாஸ்ல சலிச்சுப் போறா, கிளாஸ் மாத்தறதப் பத்தி யோசிக்கறீங்கன்னா மேல் கிளாஸ் டெஸ்ட். ஸ்கோர் மேடு பள்ளமா இருக்கு, பிள்ளை கஷ்டப்படுதுன்னா தனி டெஸ்ட், அதுக்கு முன்னாடி மேல் கிளாஸ் டெஸ்ட் வெச்சு நேரத்த வீணாக்க வேண்டாம். கம்ப்யூட்டர் டெஸ்ட் ஸ்கூல்லயே இருந்தா பயன்படுத்திக்கோங்க, இல்லேன்னா அதுக்காக அலைய வேண்டாம்.

மேல் கிளாஸ் ஸ்கோர் வந்ததுக்கப்புறம் ஒரு பாடத்துல மட்டும் மேல போறதா, முழு கிளாஸையே தாண்டறதாங்கறது அடுத்த கேள்வி. ரெண்டு கிளாஸ் மேல இருக்கற பிள்ளைங்க நடுவுல ஒரு பாடத்துல மட்டும் 50 பர்சன்டைலுக்கு மேல இருந்தா அந்தப் பாடம் மட்டும் போதும், எல்லா பாடத்துலயும் அப்படி இருந்தா தான் முழுசா தாண்டறத நான் யோசிப்பேன். முழுசா தாண்டறதுக்கு ஸ்கோர் மட்டும் பத்தாது. அயோவா ஆக்ஸிலரேஷன் ஸ்கேல்னு இதுக்காகவே ஒரு வழிமுறை செஞ்சாங்க, அதுல பிள்ளைக்கே தாண்ட விருப்பம் இல்லேன்னாலோ, தாண்டினா போய் சேரற கிளாஸ்ல சொந்த அண்ணனோ அக்காவோ இருந்தாலோ ஸ்கோர் எவ்ளோ இருந்தாலும் வேண்டாம்னு தான் சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுல பெரியவன் ரெண்டு கிளாஸ் மேல, அதனால ரெண்டு கிளாஸ் தாண்டற பேச்சு அங்கயே முடிஞ்சு போச்சு, அது சரியான காரணம்னு தான் இப்பவும் நினைக்கறேன்.

நாங்க எடுத்தது கணக்கு மட்டும். 62 பர்சன்டைல வெச்சு ஆறாவதுல உட்கார வைக்கலாம்னு ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க, இன்னொரு டீச்சர் அஞ்சாவதோட வருஷக் கடைசி பேப்பர ஒவ்வொரு பாடமா பிரிச்சு அவளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, அது தான் எல்லாத்தையும் விட உபயோகமான டெஸ்ட்டா இருந்துச்சு. பின்னம் கூட்டறது கழிக்கறது எல்லாம் தானா கண்டுபிடிச்சு வெச்சிருந்தா, ரேஷியோ மனசுலயே போட்டா, ஆனா நீள வகுத்தல் சுத்தமா தெரியல, யாரும் சொல்லிக் கொடுக்கல, தானா கண்டுபிடிக்கற விஷயமும் இல்ல அது. அதனால நாலாவதுல இருந்துட்டே கணக்கு பீரியட்டுக்கு மட்டும் அஞ்சாவதுக்குப் போனா, நீள வகுத்தல அந்த டீச்சர் மூணு வாரத்துல தனியா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க. வருஷம் முடியும்போது மறுபடியும் ஆறாவது லெவல் வெச்சோம், வருஷக் கடைசி நார்ம்ல 78 வந்துச்சு. இந்த தடவ பாட்டி எதுவும் கேக்கல, ரேஷியோவ மட்டும் தனக்கு ஒரு தடவ சொல்லிக் கொடுக்கச் சொல்லி அவளக் கூட்டிட்டுப் போய் திண்ணைல உட்கார்ந்துட்டாங்க.